ஜன்னல் இல்லாத கிழக்குச் சுவர்

போசரியில் நான் லேத் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பிவிடுவேன். வாங்குவதற்கு என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் என்ன கோளாறு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் முழுக்க இப்படி அலைந்ததில், புனேயின் எந்தப் பகுதியில் எந்த மாதிரி வீடு, அதில் குடியிருந்தால் எந்த மாதிரி ஆபத்து வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

அப்போது நாங்கள் இருந்தது திகியில், ஒரு சாலில். ஒரே தகரக் கூரைக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு அறைகள் வரிசையாக இருந்தால் அதற்கு இங்கே சால் என்று பெயர். எங்கள் அறை நடுவில். மூன்று பக்கமும் அடுத்தவர்களின் சுவர், நான்காவது பக்கம் கதவு. ஜன்னல் வைக்க இடமே கிடையாது. அந்த ஓர் அறைக்குள் நான், மனைவி, மகள், மகன், கட்டில், ஸ்டவ். கட்டிலுக்கும் ஸ்டவ்வுக்கும் நடுவில் அவளுடைய தையல் மிஷின். வரிசையில் இருந்த மராத்திப் பெண்களுக்கு ப்ளவுஸ் தைப்பாள், புடவைக்கு ஃபால் வைப்பாள். கை சுத்தம் என்று பெயர் வாங்கி, விஷ்ராந்த்வாடியிலிருந்துகூட ஆள் வரத் தொடங்கியிருந்தது. ஒருநாள் ஒரு கல்யாணப் பெண்ணின் ப்ளவுஸில் புளிக்குழம்பு தெறித்துவிட்டது. கடை கடையாக ஏறி அதே நிறத்தில் துணி தேடி வாங்கி, புதிதாகத் தைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்:

"ஏங்க, வீடு எப்படி வேணா இருக்கட்டும். ஒரு ரூமு எனக்கு வேணும். அடுப்பும் கட்டிலும் இல்லாத ரூமு. நல்ல வெளிச்சம். அம்புட்டுதான் கேக்கேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் சேர்த்துக்கொண்டது.

முதலில் பழைய ஊருக்குள் இருந்த ஒரு வாடாவைப் பார்த்தோம். நடுவில் முற்றம், சுற்றிலும் மாடி, ஆளுயரத்துக்கு மேல் தேக்குத் தூண்கள். மனைவி தூணைத் தடவிப் பார்த்து அழகு என்றாள். நான் தூணின் அடியைச் சுரண்டிப் பார்த்து, எந்த வருஷம் போட்ட கட்டை என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேஷ்வா காலம் என்றார் பெருமையாக. அப்படியானால் எப்போது விழும் என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் தேநீரைக் கொண்டுவந்த மருமகளை அப்படியே திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்.

அடுத்தது கோந்த்வா. அப்போதுதான் அங்கே குன்றை வெட்டி வெட்டிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒன்றின் பெயருக்கே கடல் அலை என்று அர்த்தம். பால்கனி படகின் முன்பக்கம்போல வளைந்திருந்தது. குளியலறை ஜன்னல் கப்பலில் இருப்பதுபோல வட்டமாக இருந்தது. சுவருக்கு நீலமும் வெள்ளையும் அடித்திருந்தார்கள். விற்க வந்த இளைஞர், இது கடற்கரை பாணி வீடு, உள்ளே வந்தாலே கடல் காற்று வாங்குவது மாதிரி இருக்கும் என்றார் இந்தியில். நான் தூத்துக்குடிக்காரன். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். காரில் போனால் நாலு மணி நேரம் சார் என்றார்.

மாதிரி வீட்டில் படுக்கையறை பெரிதாகத் தெரிந்தது. லேத்தில் வேலை செய்கிறவன் சட்டைப்பையில் எப்போதும் ஸ்டீல் டேப் இருக்கும். சந்தேகப்பட்டுக் கட்டிலை அளந்தேன். ஐந்தடி. செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். கணுக்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்கியது.

"எந்திரிங்க, மானம் போவுது," என்றாள் மனைவி. ஆனால் ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பங்களாக்கள் இருக்கும் பகுதிக்கும் ஒருமுறை போனோம். நாங்கள் வீடுகளைப் பார்த்தோம். நாய்கள் எங்களைப் பார்த்தன. திரும்பிவிட்டோம்.

கடைசியில் முடிவு செய்தவர் என் மச்சான். மனைவியின் அண்ணன். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. தனக்கென்று ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காதவர் என்பதால் வீடு கட்டுவது பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது.

"வே, நீரு இப்படியே அளந்துகிட்டுத் திரிஞ்சா உம்ம பேரன்தான் பால் காய்ச்சுவான். திகியிலயே ஒரு குண்டா இடம் வருது. வாங்கிப்போட்டு, உம்ம பயத்துக்குத் தக்கன நீரே கட்டும்," என்றார்.

குண்டா என்றால் ஏறத்தாழ இரண்டரை சென்ட். போசரியில் வேலை பார்க்கும் பாதிப் பேரின் வாழ்க்கை இலட்சியம் அந்த ஒரு குண்டா. எனக்கும் அமைந்தது. என் பயத்துக்குத் தக்கன கட்டவும் தொடங்கினேன்.

இங்கே என் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. வருவது கிழக்கே கடலிலிருந்து. ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று சோற்றுத் தட்டில் மண்ணைப் போடுமே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் கொண்டுவராது. சின்ன வயதில் ஒரு புயல் மழையில் எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து உள்ளே விழுந்ததைப் பார்த்தவன் நான். சுவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து கிழக்கு என்றாலே எனக்கு ஆகாது.

புனேயில் பதினோரு மழைக்காலம் இருந்தவனுக்கு இங்கே மழை எங்கிருந்து வருகிறது என்று தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. சாலில் மழை மேலிருந்து வந்தது. தகரத்தில் ஓட்டை இருந்த இடமெல்லாம் அதன் திசை. வேலைக்குப் போகும்போது மழை முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் அடிக்கும். போசரி எங்களுக்கு மேற்கே இருக்கிறது என்பதை வைத்து ஒருவன் கணக்குப் போட்டிருக்கலாம். நான், வேலைக்குப் போகிறவனை மழைக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தென்மேற்குப் பருவக்காற்று ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் வருகிறது என்று பின்னாளில் மகள் புத்தகத்தைக் காட்டிச் சொன்னாள். நான் எட்டாவதோடு நின்றவன்.

ஆகவே, கிழக்குச் சுவரை ஜன்னலே இல்லாமல் எழுப்பச் சொன்னேன். மற்றச் சுவரைவிட ஒன்றரை மடங்கு கனம், சிமென்ட் ஒரு பங்கு கூடுதல். அப்படியும் மனம் ஆறாமல், மேலே மூன்றடி வெளியே நீளும்படி சுவர் முழுக்க ஒரு சன்ஷேடும் போடச் சொன்னேன். மேற்கே, மனைவியின் தையல் அறைக்கு, நாலு கதவு வைத்த பெரிய ஜன்னல். சாயங்காலம் வரை வெளிச்சம் வர வேண்டும் என்பதால் அதற்கு மேல் சன்ஷேடு வேண்டாம் என்றேன்.

சோலாப்பூர் பக்கத்துக்காரரான மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணா, பூர்வேலா கிட்கி நாஹி?"

கிழக்கே ஜன்னல் இல்லையா என்கிறார். இல்லை என்றேன். சூரியன் உதிக்கும் பக்கத்தை அடைத்தால் லட்சுமி எப்படி வருவாள் என்று கேட்டார். மேற்குப் பக்கமாகச் சுற்றி வரட்டும் என்றேன். அவர் இந்திக்கு மாறி, "சரி, அது சாமி விஷயம். ஆனால் மேற்கே சஜ்ஜா இல்லாமல் ஜன்னல் வைத்தால் ஜூன் மாதம் மீன் வளர்க்கலாம் அண்ணா," என்றார். சஜ்ஜா என்றால் சன்ஷேடு. ஜன்னலே இல்லாத சுவருக்கு சஜ்ஜா, ஜன்னல் இருக்கும் சுவருக்கு இல்லை. தலை இல்லாதவனுக்குத் தொப்பி வைக்கச் சொல்கிறார் என்று தன் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தார்.

மச்சானிடம் கேட்டேன். அவரும் தூத்துக்குடிக்காரர் அல்லவா.

"அவன் கெடக்கான். மலைக்காட்டுக்காரனுக்கு மழையப் பத்தி என்ன தெரியும்? நாம கடக்கரையில பொறந்தவங்க. கெழக்க அடைச்சா வீடு கோட்டை மாதிரி நிக்கும் வே," என்றார்.

இரண்டு பேர் பயந்தவர்கள் ஒரே திசையைப் பார்த்துப் பயந்தால் அது அறிவுபோலத் தெரியும். மனைவி மட்டும், "மேஸ்திரி சொல்லுததையும் கொஞ்சம் கேளுங்களேன்," என்றாள். நான் கேட்கவில்லை.

சித்திரையில் பால் காய்ச்சினோம். தையல் மிஷின் மேற்கு அறையில், அந்தப் பெரிய ஜன்னலுக்கு நேராக ஏறியது. அவள் முதல் நாள் தைக்கவேயில்லை. ஜன்னலின் நாலு கதவையும் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். சுவரில் ஆணி அடித்து, தைத்த ப்ளவுஸ்களை நிறவாரியாக மாட்டினாள். கிழக்கு அறையை நான் பத்திரமான அறை என்று வைத்துக்கொண்டேன். அரிசி மூட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள், மாற்று சிலிண்டர் எல்லாம் அங்கே. பகலிலும் பல்பு போட்டால்தான் கை தெரியும்.

மே மாதக் கடைசியில் தெருவில் ஒரு விசித்திரம் நடந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வீட்டின் மேற்குப் பக்கத்தை நீல நிற பிளாஸ்டிக் படுதா போட்டு மூடினார்கள். கயிறு, மூங்கில், ஆணி எல்லாம் வைத்து, வீட்டுக்கே மழைக்கோட்டுப் போடுவதுபோல. எதிர்வீட்டு அம்மாள் வந்து நீங்கள் எப்போது கட்டுவீர்கள் என்று மராத்தியில் கேட்டார். தெருவுக்கே அவர் வஹினி, அதாவது அண்ணி. மனைவியின் முதல் வாடிக்கையாளரும் அவர்தான். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரை எதற்கு மூடுவது என்றேன். அவர் என் முகத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பகா, பாபா," என்று சொல்லிப் போய்விட்டார். பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். தெருவில் எல்லார் வீடும் குடிசை மாதிரி இருக்கிறது, நம் வீடு மட்டும்தான் வீடு மாதிரி இருக்கிறது என்று அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன்.

ஜூன் இரண்டாவது வாரம் மழை வந்தது. மேற்கேயிருந்து, படுத்துக்கொண்டு வந்தது. நான் வேலையிலிருந்து வந்தபோது தையல் அறையில் மனைவி ஜன்னலின் இரண்டு கதவுகளை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றாள். மற்ற இரண்டை மகள் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவு இடுக்குகளில் தண்ணீர் வடியவில்லை, பீய்ச்சியது. ஆணியில் மாட்டியிருந்த ப்ளவுஸ்கள் எல்லாம் நனைந்து, கிளிப்பச்சை ஒன்று பக்கத்திலிருந்த சந்தன நிறத்துக்கு இறங்கியிருந்தது.

"என்னங்க, கெழக்குச் சுவரு எப்படி இருக்கு? நனையலல்லா?" என்றாள்.

நனையவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தே சொன்னேன்.

அடுத்த இரண்டு மாதம் எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்தேன். இடுக்கில் புட்டிப் பசை அப்பினேன். சாக்கு சுருட்டி வைத்தேன். பட்டறையில் தகரம் வெட்டி நானே ஒரு சன்ஷேடு செய்து மாட்டினேன். மூன்றாம் நாள் காற்று அதைக் கழற்றிக்கொண்டு போய் அடுத்த தெருவில் ஒருவர் மாட்டுக்கொட்டகையில் சேர்த்தது. அவருக்கு அது சரியாகப் பொருந்தியதால் திருப்பிக் கேட்கவில்லை. தெருக்காரர்கள் கட்டுவதுபோல நீலப் படுதாவையும் வாங்கிக் கட்டினேன். மழை நின்றது. வெளிச்சமும் நின்றது. நீல இருட்டில் நூலின் நிறம் தெரியாமல் சிவப்பு ப்ளவுஸுக்கு அரக்கு நூல் போட்டுவிட்டாள். சுவரில் ஈரம் ஏறி, துணிகளில் பூசண வாடை அடித்தது.

கௌரி கணபதி பண்டிகைக்கு இன்னும் ஒரு மாதம்தான். மராத்தி வீடுகளில் எல்லாப் பெண்களும் புதுப்புடவை எடுக்கும் காலம். அவளுக்கு வருஷத்தின் முக்கியமான வேலை அது. அப்போது வஹினி வந்தார். கொடுத்திருந்த துணியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நாகரிகமாக இறக்கினார். "உனக்கு ஏற்கெனவே வேலை அதிகம். இந்தத் தடவை நான் கடையில் கொடுத்துக்கிறேன்," என்றார். அவர் பின்னாலேயே வேறு இரண்டு பேரும் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கே அவள் தையல் அறையைக் காலி செய்தாள். மகனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, மிஷினை இழுத்துக்கொண்டுபோய் சமையலறையில், ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் போட்டாள். வீடு கட்டினோம், ஒரு குண்டா இடத்தில். மிஷின் திரும்பவும் புளிக்குழம்பு தெறிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டது. அவள் திட்டியிருந்தால் எனக்குப் பதில் தயாராக இருந்தது.

கிழக்குச் சுவரின் கதை இதற்கிடையில் வேறு மாதிரி ஓடியது. தெருப் பக்கம் நீண்டிருந்த அந்த மூன்றடி சன்ஷேடுக்குக் கீழே ஒரு தூறல்கூட விழவில்லை. முதலில் தெருநாய்கள் கண்டுபிடித்தன. பிறகு பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், பிறகு ஒரு ஸ்கூட்டர், பிறகு காய்கறிக்காரர். தள்ளுவண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டார். அவர் நின்றதால் தெருப் பெண்கள் கூடினார்கள். என் கோட்டையின் வெளிப்புறம் மழைக்காலம் முழுக்க ஜேஜே என்று இருந்தது. சுவரில் சாய்கிறார்களே, பூச்சு என்னாகும் என்று தினம் ஒருமுறை போய்ப் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை கொட்டும் மழையில் மனைவி கொத்தமல்லி வாங்கப் போனாள். கால் மணி நேரமாக வரவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். கையில் கொத்தமல்லிக் கட்டோடு, வண்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்தவள் தலைமுடியைத் தொட்டுக் காட்டினாள். காய்ந்திருந்தது.

"நம்ம வீட்டுலயே மழை படாத எடம் எது தெரியுமா?"

"எது?"

"வெளிய."

பிறகு, "மேஸ்திரியக் கூப்பிடுங்க. கெழக்க ஜன்னல் வைக்கணும்," என்றாள்.

"ஏ இவளே, ஐப்பசி வரட்டும், அப்ப தெரியும். புயலு கெழக்கதான்—"

"இங்க புயலு வரணும்னா பம்பாயில எறங்கி, காட்டு ரோட்டுல மலையேறித்தான் வரணும். அது வாரப்ப வரட்டும். எனக்கு கௌரி வருது."

"சுவரு பலம் போயிருமே?"

"நான் கேட்டது ஒரு ரூமுங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "பன்னெண்டு வருசமா ஒரே ஒரு ரூமு கேட்டேன். நீங்க மழைக்கு ஒண்ணு கெட்டுனிய, அரிசி மூட்டைக்கு ஒண்ணு கெட்டுனிய. எனக்கு எங்க?"

மச்சானுக்கு ஆள் அனுப்பினேன், வந்து இவளுக்குப் புத்தி சொல்லட்டும் என்று. அவர் வந்து, இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுப் பார்த்து, காபி குடித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்லா வே, மேஸ்திரி பேச்சக் கேளும்னு," என்றார். தங்கை முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிற மனிதர் அவர்.

திங்கட்கிழமை மேஸ்திரி வந்தார். ஜன்னலின் அளவு என்ன என்று என்னைக் கேட்டார். இரண்டடிக்கு இரண்டடி என்றேன். மனைவி கழுத்தில் தொங்கிய தையல் டேப்பை எடுத்துச் சுவரில் வைத்து, நாலடிக்கு நாலடி, கீழ்விளிம்பு மிஷின் மேசை உயரத்தில் என்று சாக்பீஸால் கோடு போட்டாள். மேஸ்திரி கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோட்டின்மேல் உளியை வைத்தார்.

சுவர் லேசில் விடவில்லை. முதல் நாள் முடிவதற்குள் இரண்டு உளி மழுங்கின. "அண்ணா, என்ன கலந்து கட்டச் சொன்னீர்கள் என்னை? சிவாஜி மகாராஜா கோட்டைகூட இவ்வளவு நேரம் தாங்கியிருக்காது," என்று மேஸ்திரி மூச்சு வாங்கினார். உடைபடுவது என் சுவர்தான் என்றாலும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு செங்கல் வெளிப்பக்கமாக விழுந்தது. அந்த ஓட்டை வழியாக முதலில் வெளிச்சம் வந்தது. அடுத்து காய்கறிக்காரரின் முகம் வந்தது. வண்டியில் விழுந்த செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "தாயி, இன்று தக்காளி நசுங்கினது இருக்கிறது, வேண்டுமா?" என்று மராத்தியில் கேட்டார்.

சாயங்காலத்துக்குள் நாலடி முழுதும் திறந்துவிட்டது. அரிசி மூட்டையும் சிலிண்டரும் சமையலறைக்குப் போயின. மிஷின் இங்கே வந்தது. வண்டியைச் சுற்றி நின்ற பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். வஹினியும் இருந்தார். கடைக்காரன் கை அளவை மாற்றித் தைத்துவிட்டான் என்று காய்கறிப் பையிலிருந்தே அந்த ப்ளவுஸை எடுத்து, சட்டம் வைக்காத ஓட்டை வழியாக நீட்டினார்.

"சட்டம் வைக்கட்டும், கம்பி போடட்டும், அதுக்குப் பெறகு வாங்கலாம்," என்றேன் நான்.

"நீங்க கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கிய," என்றாள் மனைவி. ப்ளவுஸை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கடை வாடை அடிக்கிறது என்று வஹினியிடம் மராத்தியில் சொன்னாள். வஹினி உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

தச்சர் சட்டம் கொண்டுவர நாலு நாள் ஆகும் என்றார். அந்த நாலு நாளும் திருடன் வருவான் என்று நான் அந்தத் திறப்புக்கு நேர் கீழே பாய் விரித்துப் படுத்தேன். தலைமாட்டில் ஒரு ஸ்பேனர். திருடன் வரவில்லை. மழையும் உள்ளே வரவில்லை. மேற்கு அறையில் அது தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது அறை முழுக்க வெளுப்பான வெளிச்சம். மிஷின் ஓடும் சத்தம் தலைக்கு மேலே கேட்டது. வஹினியின் ப்ளவுஸைப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மடித்து வைத்த துணிகள் ஏழெட்டு இருந்தன. யார் யார் எப்போது கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

"முழிச்சாச்சா?" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாயச் சுருட்டிக்கிட்டு அந்த ரூமுக்குப் போங்க. பெடலுல உங்க கையி இடிக்கி."